கைக்கண்ணாடியை எப்படிப் பிடிப்பது

கட்டிங் முடிந்ததும் கைக்கண்ணாடியை எடுத்து ஆளுக்குப் பின்னால் பிடிப்போம். பிடரியில் கோடு நேராக வந்திருக்கிறதா, காதுக்குப் பின்னால் முடி ஏதும் தப்பியிருக்கிறதா என்று அவர் பார்த்துக்கொள்வதற்காக. இளவட்டங்கள் பிடரியைத்தான் பார்ப்பார்கள். முப்பதைத் தாண்டியவர்களின் கண் நேராக உச்சிக்குப் போய்விடும். அரை நொடிதான். "போதும்ணா" என்று சொல்லிவிட்டுப் பையில் கையை விடுவார்கள்.

அந்தக் கண்ணாடியை எந்தச் சாய்வில் பிடிப்பது என்பது எங்கள் தொழிலில் யாரும் வாயால் சொல்லித் தராத பாடம். கொஞ்சம் கீழே சாய்த்தால் பிடரி மட்டும் தெரியும். விரற்கடை மேலே தூக்கினால் உச்சி முழுவதும் தெரிந்துவிடும். நெற்றி ஏறுவதை ஒருவன் தினமும் பல் விளக்கும்போதே பார்த்துவிடுகிறான். உச்சியில் நடப்பது அவனுக்குத் தெரியாது. ஒரு ஆம்பளையின் உச்சந்தலையை அவனைவிட அதிகம் பார்த்தவர்கள் இரண்டே பேர்: சம்சாரமும் சலூன்காரனும். சம்சாரம் சொல்லிவிடுவாள். நாங்கள் சொல்ல மாட்டோம். "தலையில பாத்தத வாயில சொல்லாத" என்று அப்பா எனக்குக் கத்தியைக் கையில் கொடுத்த அன்றே சொன்னார்.

அப்பா சேந்தமங்கலம் பக்கத்தில் ஊர்த் தொழில் பார்த்தவர். வேப்பமரத்தடி, ஒரு மணைப்பலகை, தகரப் பெட்டி, படிகாரக் கட்டி, தோல்பட்டை. கொங்கு நாட்டில் எங்களைக் குடிமகன் என்பார்கள். கவுண்டர் வீட்டுக் கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுவது எங்கள் உரிமை. கம்பர் செய்து கொடுத்த பாட்டு என்று சொல்லுவார்கள். அப்பாவுக்கு அது முழுவதும் மனப்பாடம். கல்யாணத்தில் சபை நடுவே நின்று பாடியவர், மறுநாள் அதே வீட்டு வாசலுக்கு வெளியே நின்று கூலித் தானியம் வாங்குவார். அதைப் பற்றி எழுத இது இடமில்லை. ஆனால் எங்கள் சாதிக்கு மருத்துவர் என்று ஒரு பெயர் இருப்பது சும்மா இல்லை. அப்பா கட்டி கீறுவார், சுளுக்கு வழிப்பார், முள் எடுப்பார். அம்மா பிரசவம் பார்த்தாள். அந்தக் கத்தியே ஒரு காலத்தில் ரண வைத்தியம் செய்த கத்திதான். எங்கள் தலைமுறையில் அது மீசை ஒதுக்குவதோடு நின்றுவிட்டது.

1984-இல் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். ஏழு வருஷம் கழித்து நாமக்கல்லில் சேலம் ரோட்டுப் பக்கம் சொந்தமாக இரண்டு நாற்காலி போட்டேன். அப்போது நாமக்கல் தனி மாவட்டம்கூட இல்லை, 1997-இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. என் கடைக்கு வருகிறவர்கள் லாரி டிரைவர்கள், பாடி கட்டும் பட்டறைக்காரர்கள், திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போர் போடப் போகிற பையன்கள், கோழிப்பண்ணைக்காரர்கள். ரிக் பையன்கள் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று போய்விட்டு ஆறு மாதம் கழித்துத் திரும்புவார்கள். ஆறு மாதத்தில் ஒரு தலை எவ்வளவு மாறும் என்பதை மாதாமாதம் பார்க்கிற தலையில் கவனிக்க முடியாது. இவர்களிடம் நன்றாகத் தெரியும்.

முடி கொட்டுவதை நாங்கள் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் கையும் காதும் சொல்லிவிடும். நல்ல உச்சியில் சீப்பின் மேல் கத்தரி ஓடினால் நெல் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். முடி மெலிய ஆரம்பித்த உச்சியில் அதே கத்தரி வெறுங்காற்றை வெட்டுகிற மாதிரி கிலுகிலுக்கும். அப்போது முடி கொட்டியே இருக்காது, எண்ணிக்கை அப்படியே இருக்கும். ஒவ்வொரு முடியும் பூனைமுடி மாதிரி இளைத்திருக்கும். தண்ணீர் தெளித்துச் சீவினால் சுழியைச் சுற்றித் தோல் பளபளக்கும். குலதெய்வத்துக்கு மொட்டை போட்டால் இன்னும் துல்லியம். மழித்த தலையில் முடிவேரின் கருநிழல் எங்கே அடர்த்தி, எங்கே வெளிறல் என்று வரைபடம் மாதிரி தெரியும். காதுக்கு மேலே, பிடரியில் மட்டும் அந்த நிழல் கடைசி வரை கறுப்பாகவே இருக்கும். இது புழுவெட்டு இல்லை. புழுவெட்டு திடீரென்று வட்டமாக வரும், திரும்ப முளைக்கவும் செய்யும். இது வழித்தடம் போட்டுக்கொண்டு நிதானமாக நடக்கிற வேலை.

கடைக்குள் எனக்கும் என்னிடம் வேலை பார்த்த பையனுக்கும் மட்டும் புரிகிற அளவுகள் இருந்தன. உச்சியில் காசளவு திறந்திருந்தால் "ரூவா". அதற்கு மேல் "பணியாரம்", "இட்லி", முன்னும் பின்னும் சேர்ந்துவிட்டால் "தோசை". நாற்காலியில் இருப்பவர் சாப்பாட்டுப் பேச்சு என்று நினைத்துக்கொள்வார். பிற்பாடுதான் தெரிந்தது, இதையே அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹாமில்டன் என்பவர் 1951-இல் படம் போட்டு வகைப்படுத்தி, 1975-இல் நார்வுட் என்ற டாக்டர் அதைத் திருத்தி ஏழு படியாக வைத்திருக்கிறார் என்று. எங்களுக்கு நாலே படி. பசிக்கிற நேரத்தில் போட்ட கணக்கு.

1998-இல் நடந்ததை எழுதாமல் மேலே போக முடியாது.

பாடி பட்டறையில் வெல்டிங் பார்த்த அண்ணன் ஒருவர். நாற்பத்தொரு வயது. அவர் தலையில் சீப்பு இறங்காது, அப்படி ஒரு சுருட்டை. முடி வெட்டும்போது கத்தரியை இரண்டு தடவை துடைக்க வேண்டியிருக்கும். ஒரு சாயங்காலம் ஷேவிங்குக்கு உட்கார்ந்தார். "என்னமோ நெஞ்சுல கேஸ் அடைச்ச மாதிரி இருக்குதுப்பா" என்றார். நுரை போட்டுக்கொண்டே இருக்கிறேன், நுரை வழிகிறது. மேலே ஃபேன் ஓடுகிறது. பிடரியில் கை வைத்தால் ஜில்லென்று ஈரம். துணி நனைந்துவிட்டது. நான் என்ன செய்தேன்? பையனை ஓடவிட்டுக் கோலி சோடா வாங்கி வரச் சொன்னேன். குடித்தார், ஏப்பம் விட்டார், "இப்பத் தேவலை" என்றார். பெஞ்சில் அரை மணி நேரம் சாய்ந்திருந்தார். நான் அடுத்த ஆளுக்கு வெட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் இடது கை வலிக்கிறது என்றார். வண்டி பிடித்துச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். மல்லூர் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

அந்த அரை மணி நேரத்தை யார் கணக்கிலும் எழுத முடியாது, என் கணக்கில்தான். அப்பா இருந்திருந்தால் நாடியாவது பிடித்துப் பார்த்திருப்பார். நான் சோடா வாங்கிக் கொடுத்தேன்.

இது நடந்து பத்தொன்பது வருஷம் கழித்து, 2017 டிசம்பர் முதல் வாரம். சலூன் பெஞ்சில் செய்தித்தாளை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பது அப்போதும் முழுதாக ஒழிந்திருக்கவில்லை. இளம் வயதில் வழுக்கை விழுந்தவர்களுக்கும் நரைத்தவர்களுக்கும் மாரடைப்பு அபாயம் ஐந்து மடங்குக்கு மேல் என்று அகமதாபாத் டாக்டர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று செய்தி. கல்கத்தாவில் இந்திய இதயவியல் சங்கத்தின் மாநாட்டில் சொன்னார்களாம். கடை அமைதியாகிவிட்டது. பணியாரம் ஒருவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். நாற்காலியில் இருந்த ரிக் மேஸ்திரி, முப்பத்தாறு வயது, தோசையை நெருங்கிக்கொண்டிருந்த இட்லி, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "ஏனுங்ணா, எனக்குப் பின்னால எப்பிடி இருக்குது?" என்றார். அத்தனை வருஷத்தில் ஒரு வாடிக்கையாளர் அதை வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குப் பதில் வரவில்லை.

டயர் ரீட்ரெடிங் வைத்திருக்கிற ஒருவர் பெஞ்சிலிருந்து சொன்னார்: "டயரு ஒரு பக்கமாத் தேஞ்சா டயரையா திட்டுவோம்? அலைன்மென்ட் போயிருச்சுன்னு வண்டிய ஏத்திப் பாப்போமில்ல? அந்த மாதிரிதான் இதுவும்." நல்ல உவமை. அடுத்த பத்து நாள் நானே அதை நாலு பேரிடம் என் சொந்தச் சரக்கு மாதிரி சொன்னேன்.

அதைத் திருத்தியவர் டாக்டர் ஐயா. அரசு ஆஸ்பத்திரியில் இருந்து ஓய்வு பெற்றவர். செவ்வாய் எங்களுக்கு லீவு என்பதால் மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை முதல் ஆளாக வருவார். அவருடையது அக்மார்க் தோசை. சுற்றி ஒரு கரை மட்டும் வெட்டினால் போதும். ஆனாலும் முழுக் கூலி கொடுப்பார். நான் செய்தியைச் சொன்னதும் சிரித்தார். "என்னைக் கேட்டா உனக்குப் பதில் கெடைக்காது, நான் கட்சிக்காரன்" என்றார். அப்புறம் கைபேசியில் தேடிப் படித்துவிட்டு விளக்கினார்.

அகமதாபாத்தில் யு.என். மேத்தா இதய நோய் நிலையம். நாற்பது வயதுக்கு உட்பட்ட, இதய ரத்தக்குழாய் நோய் வந்த 790 ஆண்களை எடுத்திருக்கிறார்கள். அதே வயதில் நோய் இல்லாத 1,270 பேரையும் எடுத்து இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். நோயாளிகளில் நூற்றுக்கு 49 பேருக்கு வழுக்கை. நோய் இல்லாதவர்களில் 27 பேருக்கு. இளநரை அங்கே 50, இங்கே 30. இதிலிருந்து கணக்குப் போட்டு வழுக்கைக்கு 5.6 மடங்கு, நரைக்கு 5.3 மடங்கு, உடல் பருமனுக்கு 4.1 மடங்கு என்று சொன்னார்கள்.

நான் முடியைப் பெருக்கிக்கொண்டே யோசித்தேன். நூறு நோயாளியில் 49 பேருக்கு வழுக்கை என்றால் மீதி 51 பேர்? "அவங்களுக்கெல்லாம் தல நெறைய முடிங்களா?" என்று கேட்டேன். டாக்டர் ஐயா திரும்பிப் பார்த்தார். "அதான் கேள்வி" என்றார். எனக்கு வெல்டர் அண்ணனின் சுருட்டை முடி கைக்குள் வந்து போனது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நிம்மதியாக எழுந்து போனவர்களைப் பற்றித்தான் அன்று முழுவதும் கவலையாக இருந்தது. தொப்பி போட்டவர் எப்படியும் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுவார்.

அதற்குப் பிறகு பல புதன்கிழமைகள் இதே பேச்சு. நான் கேட்பேன், அடுத்த மாதம் அவர் படித்துவிட்டு வந்து சொல்வார். இந்தச் சந்தேகம் புதிதில்லை. 1993-இலேயே அமெரிக்காவில் முதல் மாரடைப்பு வந்த, ஐம்பத்தைந்துக்குக் கீழே உள்ள 665 ஆண்களின் தலையைப் பார்த்திருக்கிறார்கள். நெற்றி ஏறுவதற்கும் மாரடைப்புக்கும் சம்பந்தம் தெரியவில்லை. உச்சி போனதற்குத் தெரிந்திருக்கிறது, உச்சி எவ்வளவு அதிகம் போயிருக்கிறதோ அவ்வளவு அதிகம். 2000-இல் பத்தொன்பதாயிரம் ஆண் டாக்டர்களைப் பதினொரு வருஷம் பின்தொடர்ந்த ஆய்வு வந்தது. அதிலும் உச்சிதான். உச்சி முழுக்கப் போனவர்களுக்கு அபாயம் 1.36 மடங்கு. 2013-இல் டோக்கியோக்காரர்கள் இப்படிப்பட்ட பழைய ஆய்வுகளைச் சேர்த்து, ஏறக்குறைய முப்பத்தேழாயிரம் பேர் கணக்கில், 1.32 மடங்கு என்றார்கள். நெற்றிக்கு அங்கேயும் விடுதலை.

"அஞ்சரை எங்க, ஒண்ணே கால் எங்க?" என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களை எடுத்து ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிடுவது ஒரு வகை, ஊரோடு இருக்கிறவர்களை வருஷக்கணக்காகப் பின்தொடர்வது இன்னொரு வகை. பின்னதுதான் உறுதி என்றார். வயதும் ஒரு காரணம். அகமதாபாத்தில் பார்த்தது சின்ன வயசுக்காரர்களை. "நூறு லாரி போனா பத்து பஞ்சராகற ரோட்டுல பதிமூணு பஞ்சராகும். அவ்ளோதான் இந்த 1.32. பத்து எப்பிடியும் ஆகும்." பெரிய ஆய்வு ஒன்று 2008-இல் சம்பந்தமே பெரிதாக இல்லை என்றும் சொல்லியிருக்கிறதாம். டயர்க்காரர் உவமையைச் சொன்னேன். "நல்லாத்தான் சொல்லியிருக்காரு. ஆனா சில டயரு அலைன்மென்ட் சரியா இருந்தாலும் தேயும். எங்க தாத்தா தொண்ணூத்தி ரெண்டு வயசு வரைக்கும் தோசையோட இருந்தாரு." என் கடைச் சொல் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

ஏன் உச்சிக்கு மட்டும் இப்படி? ஆண் ஹார்மோன் உடம்பில் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்று இன்னும் வீரியமான ஒன்றாக மாறுகிறது. உச்சியிலும் நெற்றியிலும் உள்ள வேர்கள் அதற்குச் சுருங்கும், பிடரி வேர்கள் அசையாது. பருவம் வருவதற்கு முன்பே விதை நீக்கப்பட்டவர்களுக்கு இந்த வழுக்கை விழுவதில்லை என்று அந்த ஹாமில்டனே 1942-இல் எழுதியிருக்கிறார். அந்த ஹார்மோன் ரத்தக்குழாய்ச் சுவரிலும் ஏதாவது வேலை செய்கிறதா என்பது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிற விஷயம். அதைவிட அவர் அழுத்திச் சொன்னது வேறு. 2000-இல் பின்லாந்தில், முப்பத்தைந்துக்குள் உச்சி போனவர்களுக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாத கோளாறு அதிகம் என்று பார்த்திருக்கிறார்கள். சர்க்கரை வருவதற்கு முன்னோட்டம் அது. வயிறு, கொழுப்பு, ரத்தக்கொதிப்பு எல்லாம் ஒரே கும்பலாக வருகிறவை. வழுக்கை அந்தக் கும்பலோடு சில சமயம் சேர்ந்து வருகிறது. "முடி போறதால ஹார்ட் கெடல. ரெண்டையும் கெடுக்கற ஆளு ஒருத்தனா இருக்கலாம். அதனால முடிய நட்டுட்டா ஹார்ட் சரியாயிராது." இங்கிலாந்தில் இதய நோய்க்காக இருக்கிற அறக்கட்டளையும் அந்தச் செய்தி வந்தபோது கொழுப்பையும் ரத்தக்கொதிப்பையும் கவனிப்பதுதான் முக்கியம் என்று சொன்னதாகக் காட்டினார். நம்மால் மாற்ற முடிந்தது அதுதானே.

தலையோடு நிற்கவில்லை. கோபன்ஹேகனில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களை முப்பத்தைந்து வருஷம் பார்த்த ஆய்வைச் சொன்னபோது நான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். நெற்றி ஏறுவது, உச்சி போவது, காது மடலின் கீழே சதையில் குறுக்கே விழுகிற மடிப்பு, கண் இமையில் மஞ்சள் கொழுப்புத் திட்டு: இந்த நாலில் மூன்று அல்லது நாலும் இருந்தவர்களுக்கு மாரடைப்பு அபாயம் 57 சதவீதம் அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். காது மடிப்பை 1973-இலேயே ஒரு அமெரிக்க டாக்டர் குறித்து வைத்திருக்கிறார், அவர் பெயரிலேயே அது வழங்குகிறது. யோசித்துப் பாருங்கள். கிருதா ஒதுக்கும்போது காது மடலைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து மடக்குகிறவன் நான். ஷேவிங்கில் ஆள் கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போது இமையைக் கால் அடித் தூரத்தில் பார்க்கிறவன் நான். ஒரு டாக்டர் தன் நோயாளியை இவ்வளவு நேரம், இவ்வளவு பக்கத்தில் பார்ப்பாரா? அந்த வாரம் முழுவதும் காதாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கடை ஓனருக்கு, அதாவது கட்டட முதலாளிக்கு, இரண்டு காதிலும் மடிப்பு ஆழமாக இருந்தது. வாடகை உயர்த்தும் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். சொல்லலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். கோபத்தில் சொன்னதாக ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

இதே பேச்சுகளில் இன்னொன்றுக்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன். தலையைப் பிடித்துச் சடாரென்று திருப்பிக் கழுத்தில் நெட்டி எடுப்பது எங்கள் தொழிலில் இலவச இணைப்பு. மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் கழுத்தெலும்புக்குள்ளேதான் போகிறது, கிழிந்தால் பக்கவாதம் என்று அவர் சொன்ன நாளோடு விட்டேன். நெட்டி எடுக்காத கடை என்று இரண்டு பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

ஆனால் பார்த்ததை வைத்து என்ன செய்வது? அப்பா சொன்னது ஒரு பக்கம். "உன் தலையப் பாத்தா ஹார்ட் அட்டாக் வரும்போல இருக்குது" என்று சொல்கிற சலூனுக்கு எவன் வருவான்? அது உண்மையும் இல்லை. 1.32-ஐ நாற்காலியில் வைத்து விளக்க முடியாது.

2018-இல் ஒரு புதன்கிழமை டாக்டர் ஐயா ஒரு கதையோடு வந்தார். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் கறுப்பின மக்கள் நடத்துகிற 52 சலூன்களில் ஒரு ஆய்வு. ரத்தக்கொதிப்பு கட்டுக்கடங்காத 319 வாடிக்கையாளர்கள். பாதிக் கடைகளில் சலூன்காரர் எடுத்துச் சொல்லி டாக்டரிடம் போகச் சொன்னார். மீதிக் கடைகளில் மருந்தாளுநரே கடைக்கு வந்து பிரஷர் பார்த்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆறு மாதத்தில், வாயால் மட்டும் சொன்ன கடைகளில் மேல் எண் சராசரியாக 9 குறைந்தது. மாத்திரையும் வந்த கடைகளில் 27 குறைந்தது. "உன் வாய்க்கு ஒம்போது மார்க்கு" என்றார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மறுவாரம் சேலம் போய் 1,800 ரூபாய்க்குக் கையில் கட்டுகிற டிஜிட்டல் பிரஷர் மெஷின் வாங்கினேன். கடையில் சிரிப்பு. "முடி வெட்ட வந்தா ஊசி போட்ருவீங்களாட்ட இருக்குது." எங்களுக்கு இது முற்றிலும் புதிதும் அல்ல. எய்ட்ஸ் பயம் லாரித் தொழிலை ஆட்டிவைத்த வருஷங்களில் ஆளுக்கு ஒரு புது பிளேடு என்று எங்களிடம்தான் சொல்லிச் சொல்லி மாற்றினார்கள். அப்போதும் இப்படித்தான் சிரித்தார்கள்.

மெஷின் வாங்கினால் போதாது, உட்கார வைக்கத் தெரிய வேண்டும். ஐந்து நிமிஷம் பேசாமல் இருக்க வேண்டும். சலூனில் இது எவ்வளவு கஷ்டம் என்று யோசியுங்கள். டீயும் பீடியும் அரை மணிக்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். கால் மேல் கால் போடக் கூடாது, பாதம் தொங்கக் கூடாது, கை நெஞ்சு மட்டத்துக்கு இருக்க வேண்டும். எங்கள் சுழல் நாற்காலி இதற்கென்றே செய்த மாதிரி: முதுகுக்குச் சாய்வு, கைக்கு மேடை, பாதத்துக்குப் படி. முடி வெட்டி முடித்து, துணியை உதறிவிட்டு, ஆள் லேசாகக் கண் சொக்கியிருக்கிற நேரத்தில் கட்டிவிடுவேன். இரண்டு தடவை பார்ப்பேன். 140-க்கும் 90-க்கும் மேலே இருந்தால் சீட்டில் எழுதிக் கையில் கொடுப்பேன். பெயர் எழுத மாட்டேன், நோட்டில் ஏற்ற மாட்டேன். உச்சியைப் பற்றி ஒரு சொல் வராது. யாரிடம் முதலில் மெஷினை நீட்டுவது என்று தேர்ந்தெடுக்க மட்டும் உச்சியைப் பார்த்துக்கொள்வேன். தலை நிறைய முடி வைத்திருப்பவர்களையும் விடுவதில்லை. அது வெல்டர் அண்ணனுக்காக.

முதல் மூன்று வருஷம் என் வாய்க்குக் கிடைத்த மார்க்கு ஒன்பதுகூட இருக்காது. சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைப்பார்கள், சட்டையோடு துவைத்துவிடுவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போச்சு. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் வந்து மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவர ஆரம்பித்த பிறகு மாறியது. லாரியில் போகிறவன் வீட்டில் இருக்க மாட்டான். ஆனால் சம்சாரம் இருப்பாள். வாங்கி வைத்து, அவன் கிளம்பும்போது துணிப்பைக்குள் போட்டுவிடுவாள். அடுத்த வருஷம் நாமக்கல்லுக்கே மருத்துவக் கல்லூரியும் வந்தது. அதற்கடுத்த வருஷம் இதயம் காப்போம் என்று, நெஞ்சு வலி என்று போனால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டாடின் மாத்திரைகளை உடனே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற திட்டம் வந்தது. கண்ணாடிக்குப் பக்கத்தில் 108 என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். கோலி சோடா பக்கத்துக் கடையில் இப்போதும் கிடைக்கிறது.

இதற்கு நடுவில் முடிக்காகப் போய் உடம்பைத் தெரிந்துகொண்டவர்களும் உண்டு. கோழிப்பண்ணை வீட்டுப் பையன் ஒருவன், இருபத்தொன்பது வயது, பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெங்களூரில் முடி நடப் போனான். பிடரியிலிருந்து எடுத்து உச்சியில் நடுவார்கள். பிடரி வேர் இடம் மாறினாலும் குணம் மாறாது. நடுவதற்கு முன் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை 260. அதுவரை அவனுக்குத் தெரியாது. இங்கே நான் இரண்டு தடவை மெஷினை நீட்டி "எனக்கெல்லாம் எதுக்குங்ணா" என்று தள்ளிவிட்டவன். முடி என்றால் லட்சம் ரூபாய் கட்டி ரத்தமும் கொடுக்கிறான். எனக்கு அதில் வருத்தம் இல்லை, எந்த வாசல் வழியாகப் போனால் என்ன.

வாசல் என்றதும் மினாக்சிடில் ஞாபகம் வருகிறது. இளவட்டங்கள் மெடிக்கலில் அறுநூறு எழுநூறு கொடுத்து வாங்கி உச்சியில் தடவுகிற மருந்து. அது முதலில் ரத்தக்கொதிப்பு மாத்திரை. கடுமையான கொதிப்புக்கு 1979-இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். சாப்பிட்டவர்களுக்குக் கன்னத்திலும் கையிலும் முடி முளைக்க ஆரம்பித்தது. அந்தப் பக்க விளைவையே முதலாக்கி 1988-இல் தலையில் தடவுகிற திரவமாகக் கொண்டுவந்தார்கள். அதையே மாத்திரையாக யாரோ சொன்னார்கள் என்று டாக்டரைக் கேட்காமல் விழுங்கினால் நெஞ்சு படபடக்கும், கால் வீங்கும். இதை டாக்டர் ஐயா சொன்ன நாளிலிருந்து கடையில் எல்லோருக்கும் எச்சரிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எச்சரிக்கை என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முன்னால் சொன்ன ரிக் மேஸ்திரி, பின்னால் எப்படி இருக்கிறது என்று கேட்டவர், இப்போது சொந்தமாக லாரி வைத்து நாக்பூர் லைனில் ஓட்டுகிறார். முதல் தடவை பார்த்தபோது 168க்கு 104. மாத்திரை ஆரம்பித்து மூன்றாவது வருஷம். இத்தனை பேரில் ஒரு நாள்கூடத் தவறாமல் சாப்பிடுகிற ஆள் அவர் ஒருவர்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. போன ஆடி மாதம் வந்தபோது 128க்கு 82. "எப்பிடிங்க இவ்ளோ கரெக்டா சாப்படறீங்க?" என்று கேட்டேன்.

"நீங்கதானுங்ணா சொன்னீங்க, பிரஷர் மாத்திர சாப்பிட்டா முடி மொளைக்கும்னு."

நான் பதறிப்போய் அது வேற மாத்திரை, நீங்கள் சாப்பிடுவது அம்லோடிபின், அதற்கும் முடிக்கும் சம்பந்தமே இல்லை என்று முழுதாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "ரெண்டும் பிரஷர் மாத்திரதானுங்ணா. மொள்ளத்தான் மொளைக்கும்" என்றார். திரும்பவும் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, "சரி, கண்ணாடிய எடுங்க, உச்சி அடஞ்சிருக்குதான்னு பாப்போம்" என்றார்.

கைக்கண்ணாடியை எடுத்தேன். விரற்கடை கீழே சாய்த்துப் பிடித்தேன். பிடரி கறுகறுவென்று தெரிந்தது.